நாணய விலையும் உலக நடப்பும்: விடுமுறை வீடு வாடகைக்கு விடுவோருக்கு ஒரு பாடம்



கடையையும் சரக்கையும் நம்பி வாழ்ந்த நம்மவர்களில் பலர், கடந்த சில ஆண்டுகளாக வேறொரு தொழிலிலும் கால் வைத்திருக்கிறார்கள். பினாங்கில் கடைமாடியில் சும்மா கிடந்த இரண்டு அறைகள், பத்து ஃபெரிங்கியில் ஓர் அடுக்குமாடி வீடு, ஜொகூர் பாருவில் ஒரு தரைவீடு என்று எதுவாயினும் அதைச் செப்பனிட்டு, கட்டிலும் குளிர்சாதனமும் போட்டு, விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். ஹோம்ஸ்டே என்று இதற்குப் பெயர். நல்ல தொழில்தான். ஹலாலான வருமானம், வருகிறவருக்கும் சௌகரியம்.

ஆனால் இத்தொழிலில் இறங்கியவர்களிடம் ஒரு சூத்திரம் பரவியிருக்கிறது. “ரிங்கிட் விழுந்தால் வீடு நிரம்பும்; ரிங்கிட் எழுந்தால் வீடு காலி” என்பதே அது. இதை நம்பி, ரிங்கிட் விழுந்திருந்த நாளில் வந்த வாடகையை என்றும் வரும் வாடகையாகக் கணக்கிட்டு, வங்கியில் கடன் வாங்கி இரண்டாவது வீடும் வாங்கியவர்கள் உண்டு. அந்தச் சூத்திரம் பாதி உண்மை. மற்றப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் தவணைக் கடிதத்தில் கையெழுத்திடுவது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும். ஆகவே இவ்விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

1. இரண்டு வெள்ளிகள் பிரிந்த வரலாறு

நம் பாட்டனார் காலத்தில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஒரே நோட்டுத்தான் செல்லுபடியானது. 1967 ஜூன் 12-ஆம் நாள் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் தனித்தனி நோட்டுகளை வெளியிட்டன. மூன்றும் சரிசமமாக, ஒன்றுக்கு ஒன்று என்று மாறின.

அவ்வாண்டு நவம்பர் 18-ஆம் நாள் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தது. நம் புதிய நோட்டின் மதிப்பு குறையவில்லை. ஆனால் பவுனோடு கட்டப்பட்டிருந்த பழைய மலாயா நோட்டு, ஒரு வெள்ளிக்கு 85 காசு என்றாகிவிட்டது. பெட்டியில் பழைய நோட்டு வைத்திருந்த ஏழை எளியவர்களும் சிறு கடைக்காரர்களும் ஓரிரவில் நூற்றுக்குப் பதினைந்து இழந்தார்கள். அதன் விளைவாகவே அம்மாதம் 24-ஆம் நாள் பினாங்கில் ஹர்த்தால் நடந்து கலவரமாக முடிந்தது. இலண்டனில் எடுத்த முடிவு பினாங்குக் கடைத்தெருவின் கதவை மூடவைத்தது. உலக நடப்பு நம் கல்லாப்பெட்டிக்குள் எப்படி நுழையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

1973 மே 8-ஆம் நாள் மலேசியாவும் சிங்கப்பூரும் சரிசம மாற்று ஏற்பாட்டை முடித்துக்கொண்டன. அன்று முதல் இரண்டு வெள்ளிகளும் தத்தம் வழியில் நடக்கலாயின. 1997-இன் தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் ரிங்கிட். அவ்வாண்டு ஜூலை 2-ஆம் நாள் தாய்லாந்து தன் பாட் நாணயத்தின் கட்டை அவிழ்த்துவிட, இப்பகுதி நாணயங்கள் யாவும் ஆட்டங்கண்டன. அமெரிக்க டாலருக்கு இரண்டரையாக இருந்த ரிங்கிட் 1998 ஜனவரியில் 4.88 வரை விழுந்தது. 1998 செப்டம்பரில் நம் அரசாங்கம் அதை 3.80 என்று நிலைநிறுத்தி, 2005 ஜூலை 21 வரை அப்படியே வைத்திருந்தது. பிறகு எண்ணெய் விலை சரிந்த சமயம், 2015-இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டைத் தொட்டது. 2024 பிப்ரவரியில் மூன்றரையைத் தாண்டியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சிங்கப்பூரின் நாணய ஆணையம் 1981 முதல் விலைவாசியைக் கட்டுப்படுத்த வட்டியைக் கருவியாகக் கொள்ளாமல், தன் வெள்ளியின் மாற்று மதிப்பையே கருவியாகக் கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து வாங்கும் பொருள் விலை ஏறும்போது வெள்ளியை மெல்ல உயர விடுகிறது. ஆகவே இரண்டுக்கும் உள்ள தூரம் கூடியதற்கு ரிங்கிட்டின் தளர்ச்சி மட்டும் காரணமன்று.

2. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு வீட்டின் நாள் வாடகை 350 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்று இரண்டு இரவு தங்குகிறது. மொத்தம் 700 ரிங்கிட். மாற்று விலை 3.50 ஆனால் அவர்களுக்குச் செலவு 200 வெள்ளி. மாற்று விலை 3.20 ஆனால் 218 வெள்ளி 75 காசு. வித்தியாசம் பத்தொன்பது வெள்ளிக்கும் குறைவு. இரண்டு குடும்பம் சேர்ந்து வந்து பங்கிட்டால் ஆளுக்கு ஒன்பது வெள்ளி சில்லறை. இதற்காகவா ஒருவர் பிள்ளைகளின் விடுமுறையை ரத்துச் செய்வார்?

செய்யமாட்டார். ஆனால் அவர் வாடகையை மட்டும் பார்ப்பதில்லை. சாப்பாடு, சாமான், துணிமணி என்று இன்னும் 1500 ரிங்கிட் செலவழிப்பார். மொத்தம் 2200. முதல் விலையில் அது ஏறத்தாழ 629 வெள்ளி. இரண்டாம் விலையில் 687 வெள்ளி 50 காசு. இப்பொழுது வித்தியாசம் ஐம்பத்தொன்பது வெள்ளி. இது சற்றுக் கண்ணில் படும். அப்படிப் படும்போதும் அவர் வருகையை நிறுத்துவதில்லை. மூன்று இரவை இரண்டு இரவாக்குகிறார், அல்லது பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீடு பார்க்கிறார். நாணயம் வலுத்ததும் வீடு முழுதும் காலியாகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வருமானத்தின் ஓரம் தேயும், அவ்வளவே.

அதே 700 ரிங்கிட், ஒன்றே முக்காலாக இருந்த 1997 தொடக்கத்துக் கணக்கில் 400 வெள்ளி ஆகும். ஆகவே மக்களின் வழக்கத்தை மாற்றுவது இந்த மாதத்து ஏற்ற இறக்கமன்று. இருபது முப்பது ஆண்டுகளின் நீண்ட சரிவுதான். காலையில் பணமாற்றுக் கடைப் பலகையைப் பார்த்து மாலையில் வாடகையை மாற்றுவது வீண் அலைச்சல்.

பலகையைவிட நாட்காட்டிதான் பெரிய அதிகாரி. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஜூன் விடுமுறை, ஆண்டிறுதி விடுமுறை, இரு பெருநாள்கள், சீனப் புத்தாண்டு ஆகிய நாள்களில் நாணயம் எந்த விலையிலிருந்தாலும் வீடு கேட்டு ஆள் வரும். ஜொகூர் மாநிலம் 2014 ஜனவரி முதல் வெள்ளி, சனி என்றிருந்த வார விடுமுறையை 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறு ஆக்கியது. இத்தகைய அறிவிப்புகளை நம்மவர்கள் நாணயச் செய்தியைப் போலவே ஊன்றிப் படிக்க வேண்டும்.

3. எந்த நாணயத்தோடு ஒப்பிடுவது?

பத்திரிகையில் “ரிங்கிட் சரிந்தது” என்று போட்டால் அது பெரும்பாலும் அமெரிக்க டாலரோடு ஒப்பிட்டுச் சொல்வது. நம் வீட்டுக்கு வருகிறவர் அமெரிக்கரா? சென்னையிலிருந்து வருகிறவர் தம் ரூபாய்க்கு எத்தனை ரிங்கிட் என்றே பார்ப்பார். டாலருக்கெதிரே ரூபாயும் ரிங்கிட்டும் ஒரே அளவு விழுந்தால் அவருக்கு எந்த மலிவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு வியாபாரியும் தம் விருந்தினர் புத்தகத்தைப் புரட்டி, எந்த ஊரார் எத்தனை பேர் என்று எண்ணி, அந்த ஊர் நாணயத்தைக் கவனிப்பதே முறை.

அதோடு நம் நாணயம் மட்டுமே மலிவு என்று எண்ணிவிடக் கூடாது. 2024 ஜூலையில் ஜப்பானின் யென் ஒரு டாலருக்கு 160-ஐயும் தாண்டி, 1986-க்குப் பின் காணாத தாழ்வுக்குப் போனது. அவ்வாண்டு ஜப்பானுக்குச் சென்ற வெளிநாட்டார் 3 கோடியே 68 இலட்சத்துக்கும் மேல். அதுவரை காணாத எண்ணிக்கை. பினாங்கைப் பலமுறை பார்த்தாயிற்று என்றிருந்த சிங்கப்பூரார், ரிங்கிட்டோடு யென்னும் மலிந்திருந்தபோது அப்பக்கமும் திரும்பினார்கள். பக்கத்துக் கடையில் தள்ளுபடி நடக்கும்போது நம் கடையில் மட்டும் தள்ளுபடி என்று மார்தட்டிப் பயனில்லை.

இதே விதியை விருந்தினர் பக்கம் நின்று பார்க்க, உம்ராப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். சவூதி ரியால் 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 என்று கட்டப்பட்டது. மக்காவில் ஓர் அறை நாளொன்றுக்கு 400 ரியால் என்றால், டாலர் 4.79 ரிங்கிட்டாக இருந்த 2024 பிப்ரவரியில் அது ஏறத்தாழ 511 ரிங்கிட். டாலர் 4.12 ஆக இறங்கிய அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஏறத்தாழ 439 ரிங்கிட். அறை அதேதான், அங்குள்ளவர் ஒரு காசும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஹாஜிகளிடம் ரிங்கிட்டில் பணம் வாங்கி ஆறு மாதம் கழித்து ரியாலில் கொடுக்கும் ஏற்பாட்டாளர்கள் இந்த எழுபத்திரண்டு ரிங்கிட்டை நினைவில் வைக்க வேண்டும். நாணயம் பாதகமாகத் திரும்பினால் லாபமெல்லாம் அதில் கரைந்து, கைமுதலும் போகக்கூடும். வாங்கிய பணத்தில் அறைக்குரிய பங்கை அப்பொழுதே ரியாலாக மாற்றிக் கட்டிவிடுவதே பத்திரம்.

மேற்சொன்ன ஏழு மாத மாற்றம் எதனால் வந்தது? அமெரிக்காவில் வட்டி ஐந்து விழுக்காட்டுக்கு மேலும் நம் நாட்டில் மூன்று விழுக்காடாகவும் இருந்தபோது பணம் அங்கே ஓடியது. அமெரிக்க மத்திய வங்கி 2024 செப்டம்பர் 18-ஆம் நாள் வட்டியை அரை விழுக்காடு குறைத்தது. அதை எதிர்பார்த்தே பணம் அதற்கு முன்பிருந்து திரும்பத் தொடங்கியிருந்தது. இதை நம்மில் யார் முன்கூட்டிச் சொல்ல முடிந்தது? பெரிய வங்கிகளுக்கே சரியாகக் கணிக்க முடியாததை, நாம் கணித்துப் பந்தயம் கட்டுவது தகாது.

4. உலக நடப்பு நான்கு வகை

நாணயம் வருமானத்தின் ஓரத்தைத் தேய்க்கும் என்றோம். உலக நடப்போ சில வேளை வேரையே அறுத்துவிடும். அதை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வழிச்செலவைக் கூட்டும் நடப்பு. 2022 பிப்ரவரி 24-ஆம் நாள் ரஷ்யா உக்ரைன்மீது யுத்தம் தொடங்கியது. எண்ணெய் பீப்பாய் நூறு டாலரைத் தாண்டியது. ஐரோப்பிய விமானங்கள் பல ரஷ்ய வான்வழியில் பறக்க முடியாமல் சுற்றி வந்தன. டிக்கெட் விலை ஏறினால் தூரத்து விருந்தினர் குறைவார்; காரிலும் பஸ்ஸிலும் வருகிறவர் அவ்வளவாகக் குறைவதில்லை.

இரண்டாவது, அச்சம் தரும் நடப்பு. 2003-இல் சார்ஸ் நோய் பரவி, சிங்கப்பூரில் 238 பேரைப் பிடித்து 33 உயிர்களைக் கொண்டது. மாதக்கணக்கில் விடுதிகள் வெறிச்சோடின. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி பினாங்குக் கரையில் மட்டும் 52 பேரைப் பலிகொண்டது. 2014 மார்ச் 8-ஆம் நாள் எம்.எச்.370 விமானம் காணாமற்போன பிறகு அவ்வாண்டு சீன நாட்டார் வருகை குறைந்தது. அச்சத்துக்கு மாற்று விலை மருந்தாகாது. வாடகையைப் பாதியாக்கினாலும் பயந்தவர் வரமாட்டார். அப்பொழுது விலையைக் குறைத்துக்கொண்டே போவதைவிட, உள்ளூராரை அழைப்பதும், வீட்டைப் பழுது பார்ப்பதும் மேல்.

மூன்றாவது, கதவையே அடைக்கும் நடப்பு. 2020 மார்ச் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. 2019-இல் 2 கோடியே 61 இலட்சமாக இருந்த வெளிநாட்டார் வருகை 2020-இல் 43 இலட்சமாக இறங்கியது. அதிலும் பெரும்பங்கு ஆண்டின் முதல் இரண்டரை மாதங்களில் வந்தவர்களே. ஜொகூர் பாலம் 2022 ஏப்ரல் 1-ஆம் நாள்தான் முழுதாகத் திறந்தது. வங்கிகள் ஆறு மாதத் தவணையை ஒத்திவைத்தன. ஆனால் கதவு அடைபட்டிருந்ததோ இரண்டு ஆண்டு. இந்த வித்தியாசத்தில்தான் பல வீடுகள் கைமாறின. சொந்தப் பணத்தில் வீடு வைத்திருந்தவர் வருமானத்தை மட்டும் இழந்தார். முழுக் கடனில் வைத்திருந்தவர் வீட்டையும் இழந்தார். நம் பாடத்தின் நடுப்பொருள் இதுவே.

நான்காவது, வேறிடத்துக் கதவு அடைபட்டு நம் பக்கம் ஆள் திரும்பும் நடப்பு. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அரபு நாட்டுக் குடும்பங்கள் பல, மேற்கு நாடுகளை விட்டு மலேசியாவை நாடின. கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் அரபு உணவுக் கடைகள் பெருகின. 2023 டிசம்பர் 1-ஆம் நாள் முதல் இந்தியருக்கும் சீனருக்கும் முப்பது நாள் விசா தேவையில்லை என்று அரசாங்கம் செய்த உத்தரவு, நாணயத்தின் பல மாத அசைவைவிடப் பெரிய பலனைத் தந்தது. இத்தகைய வருகைக்கு வீட்டில் கிப்லாத் திசைக் குறியும், சுத்தமான சமையற்கட்டும், பெரிய குடும்பம் படுக்க இடமும் வைத்திருந்தவர்களே முதலில் பயனடைந்தார்கள்.

இந்நான்கிலும் பொதுவான ஒரு விதி உண்டு. நெருக்கடி தீரும்போது பக்கத்து ஊரார் முதலில் திரும்புவர்; தூரத்தவர் கடைசியில் திரும்புவர். ஆகவே பக்கத்து விருந்தினரை என்றைக்கும் அலட்சியம் செய்யலாகாது.

5. செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்

நாணயம் தளர்ந்தால் வரவு கூடுகிறது என்று மகிழ்கிறோம். பேரேட்டின் வலப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் உதிரிப்பாகம், மெத்தை விரிப்பு, இந்தியாவிலிருந்து வரும் வெங்காயம், மிளகாய், பருப்பு இவையெல்லாம் வெளிப்பணத்தில் வாங்குவன. வீட்டோடு சாப்பாட்டுக் கடையும் வைத்திருப்பவருக்கு, ஒரு கையில் வருவது மறு கையில் போகும். வாடகை பத்து விழுக்காடு கூடி, செலவு பன்னிரண்டு விழுக்காடு கூடினால், வீடு நிரம்பியிருந்தும் லாப விகிதம் மெலியும்.

6. நடைமுறையில் செய்யத் தக்கவை

ஒன்று: வாடகையை ரிங்கிட்டில் தீர்மானமாகச் சொல்லுங்கள். “அன்றைய மாற்று விலைப்படி” என்று சொல்லிவிட்டு, வருகிறவர் வந்து நின்ற பிறகு பேரம் பேசுவது சண்டைக்கு வித்து. இஜாராவில் வாடகைத் தொகையும் தவணையும் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதை மதரஸாவில் நாம் ஓதியிருக்கிறோம்.

இரண்டு: சிங்கப்பூர் வெள்ளியாக வாங்கினால் உடனே மாற்றிவிடுங்கள். நாணய மாற்று கைக்குக் கையாக நடக்க வேண்டியது. விலை ஏறும் என்று பதுக்கி வைத்துக் காத்திருப்பது வீட்டுத் தொழில் அன்று.

மூன்று: முன்பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் கொடுங்கள். தேதிக்கு எத்தனை நாள் முன் சொன்னால் முழுதும், எப்போது பாதி, அரசாங்கம் எல்லையை மூடினால் என்ன என்று தெளிவாக இருக்கட்டும். கெட்ட காலத்தில் முன்பணத்தை முகஞ்சுளிக்காமல் திருப்பியவரிடமே நல்ல காலத்தில் முதலில் ஆள் வருவர்.

நான்கு: மாதத்தவணையை நல்ல மாத வருமானத்தோடு ஒப்பிடாதீர்கள். மிக மோசமான மாதத்தோடு ஒப்பிடுங்கள். வீடு ஆறு மாதம் காலியாகக் கிடந்தாலும் கடை வருமானத்திலிருந்து கட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அந்த வீடு உங்களுக்குரியதன்று.

ஐந்து: நல்ல ஆண்டின் உபரியில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். செழித்த ஏழு ஆண்டின் தானியத்தைப் பஞ்ச ஏழாண்டுக்குச் சேமித்த நபி யூசுஃப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் சரித்திரம் நமக்கெல்லாம் தெரிந்ததே.

ஆறு: சட்டத்தை அறிந்து நடவுங்கள். சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், வீடமைப்புக் கழக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடக்கூடாது. ஆகவே அங்குள்ள நம் சகோதரர்களுக்கு இந்த நாள் வாடகைத் தொழில் பொருந்தாது. இங்கே நகராட்சி அனுமதியையும், அடுக்குமாடி நிர்வாகத்தின் சம்மதத்தையும் முதலில் பெறுங்கள். 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டாருக்கு அறையொன்றுக்கு நாளொன்றுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி வந்தது. வரி விவரத்தை விருந்தினருக்கு முன்பே சொல்லிவிட்டால் வாசலில் வாக்குவாதம் இராது.

சகோதரர்களே! நாணயத்தின் விலை நம் கையில் இல்லை. யுத்தமும் நோயும் நம்மைக் கேட்டு வருவதில்லை. வீட்டின் சுத்தம், வாக்கின் நாணயம், கடனின் அளவு ஆகிய மூன்றும் நம் கையில் இருக்கின்றன. நாணயம் என்ற ஒரே சொல்லைத் தமிழில் பணத்துக்கும் நேர்மைக்கும் வைத்தார்கள். முன்னது ஏறி இறங்கும் நாளில் பின்னதுதான் வியாபாரியைத் தாங்கி நிற்கும். இரண்டாம் வீட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போகுமுன், ஒரு தாளை எடுத்து மேற்கண்ட நான்காம் கணக்கை வீட்டாரோடு உட்கார்ந்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். வல்லவன் நம் தொழிலில் பரக்கத் அருள்வானாக.